மொட்டைவாலி

உதபாஷா என்ற பெண்ணின் உடலில் மிச்சமிருந்ததை ஒரு மாட்டுத்தோலில் சுற்றி, ஆற்று மணலிலிருந்து கரைக்குத் தூக்கி வந்தார்கள். தூக்குவதற்கென்று ஆறு பேர் இறங்கியிருந்தார்கள். இரண்டு பேரே போதுமாக இருந்தது.

கரையில் நின்றிருந்த சுபிலாகா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். போன வாரம்தான் அந்தப் பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து பால் குடித்துவிட்டு வந்திருந்தாள். சுரைக்குடுக்கையை நீட்டியபடியே உதபாஷா அவளைக் கேலி செய்தாள். "உங்க ஊர்ல மாப்பிள்ளைக்கு அவ்வளவு பஞ்சமா? பொழுதுக்கும் சிங்கத்துக்குப் பின்னாடியே சுத்துற. பேசாம அதையே கட்டிக்க. ஆனா ஒண்ணு, உங்கப்பனுக்குப் பரிசமா அது மாடு குடுக்காது. இருக்குற மாட்டையும் தின்னுட்டுப் போயிடும்." வீடே சிரித்தது. சுபிலாகாவும் சிரித்தாள்.

சுபிலாகா தெற்கே துகுயு மலைப்பக்கத்துக்காரி. அங்கே எந்நேரமும் மழை, எங்கு பார்த்தாலும் வாழை. பல்கலைக்கழகத்தில் வனவிலங்குச் சூழலியல் மேல்படிப்பில் சேர்ந்தவள், ஆய்வுக்காக இந்த வறண்ட முள்காட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. தேசியப் பூங்காவை விட்டு வெளியே வரும் சிங்கங்கள் டாட்டோகா மக்களின் மாட்டுப்பட்டிகளுக்கு நடுவே எப்படி நடமாடுகின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வு. இரண்டு சிங்கங்களின் கழுத்தில், அவை இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோப் பட்டை இருந்தது. ஒன்று இளம் ஆண். மற்றது, வால் பாதியில் அறுந்துபோன பெண் சிங்கம். அதை முகாமில் மொட்டைவாலி என்று கூப்பிடுவார்கள்.

விடியும் நேரத்தில் பெண்கள் நான்கைந்து பேர் மணலில் ஊற்றுத் தோண்டப் போயிருந்தார்கள். குழிக்குள் குனிந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்த உதபாஷாவின் தோளைப் பின்னாலிருந்து கவ்வியது சிங்கம். மற்றவர்கள் குடத்தையும் கல்லையும் விட்டெறிந்தார்கள். அது விடவில்லை. எதிர்க்கரைப் புதருக்குள் இழுத்துக்கொண்டு போனது. உள்ளேயிருந்து அவள் புருஷன் பெயரைச் சொல்லிக் கத்துவது கொஞ்ச நேரம் கேட்டது. ஆண்கள் ஈட்டியோடு ஓடிவந்து சேர்ந்தபோது புதரில் சிங்கம் இல்லை.

"வால் இல்ல. மொட்டை," என்று ஒருத்தி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "கழுத்துல பெல்ட்டு இருந்துச்சு. நான் பாத்தேன். பெல்ட்டு."

எல்லாருடைய தலையும் சுபிலாகா பக்கம் திரும்பியது.

உதபாஷாவின் புருஷன் கிடமுர்ஜான் தோல்மூட்டைக்குப் பக்கத்தில் குந்தி, அதற்கு வெளியே தெரிந்த செம்பு வளையலை மணல் போகத் துடைத்துக்கொண்டிருந்தான். பேசியது அவனுடைய அண்ணன் லாக்வென். நெடுநெடுவென்று வளர்ந்தவன். வாய்த்துடுக்குக்காரன்.

"உன் சிங்கம் நல்லா சாப்பிட்டுருச்சு, தங்கச்சி. அதுக்கு இன்னிக்கு வயிறு நிறைஞ்சிருக்கும். போ, போய் அதையும் எழுதிக்க."

சுபிலாகா திரும்பி நடந்தாள். முதுகில் ஒரு கல் வந்து விழுந்தது. அவள் நடையை நிறுத்தவில்லை.

*

முகாம் என்றால் இரண்டு கூடாரம், ஒரு ஜீப், கீற்று வேய்ந்த ஒரு சமையல் கொட்டகை. கூட இருந்தவன் யுஸ்தோ. தார் எஸ் சலாம் பட்டணத்துப் பையன், அவளுடைய வகுப்புக்காரன். கழுதைப்புலிகளை ஆராய வந்தவன். நடந்ததை அவள் சொல்லி முடிப்பதற்குள் ஜீப் கூரையிலிருந்த ஆன்டெனாவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான்.

"என்ன பண்ற?"

"அவங்க இங்கதான் வருவாங்க. இந்த ரிசீவர் பெட்டி இருந்தா சிங்கம் படுத்திருக்குற எடத்துக்கே நேராப் போயிடலாம்னு ஊருக்கே தெரியும். நீதானே பட்டி பட்டியாப் போய்க் காட்டிக் காட்டிச் சொன்ன?"

அது உண்மைதான். மக்கள் பயப்படக்கூடாது என்பதற்காக அவளே ஒவ்வொரு பட்டியிலும் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்கக் கொடுத்திருந்தாள். உதபாஷாவும் காதில் வைத்துப் பார்த்தாள். 'டிக் டிக்குனு சொல்லுது, சிங்கத்தோட இதயமா அது?' என்று கேட்டாள்.

சுபிலாகா பாறைமேல் ஏறி நின்று தன் ஆய்வுப் பேராசிரியருக்குப் போன் போட்டாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

"கருவியை எந்தக் காரணத்துக்காகவும் குடுக்கக்கூடாது," என்றார் அவர். "வனத்துறை ஆளுங்ககிட்ட பேசிட்டேன். ஆளைக் கொன்ன சிங்கத்தைச் சுடுறது அவங்க வேலை. வருவாங்க."

"எப்ப சார்?"

"நாளைக்கு. இல்லாட்டி நாளை மறுநாள். வண்டி ஒண்ணு ரிப்பேராம்."

"அதுவரைக்கும் இவங்க சும்மா இருக்க மாட்டாங்க சார்."

"பேசிச் சமாளிம்மா. இவ்வளவு நாள் பழகியிருக்க."

அவள் பாறையிலிருந்து இறங்கியபோது முள்காட்டுக்குள்ளிருந்து அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். இருபது பேராவது இருப்பார்கள். எல்லார் கையிலும் நீள ஈட்டி. பின்னால் விலாவெலும்பு தெரியும் நாய்கள்.

யுஸ்தோ ஜீப்புக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். "பெட்டி ரிப்பேர் அண்ணே. வேலை செய்யல."

"அப்படியா?" லாக்வென் சிரித்தான். "நேத்து சாயங்காலம் ஆத்துப் பக்கம் ஆன்டெனாவை ஆட்டிக்கிட்டுப் போனியே. ராத்திரியில ரிப்பேராயிடுச்சா?"

"ஆமாண்ணே."

லாக்வென் ஈட்டியைத் திருப்பி அதன் அடிக்கட்டையால் அவன் வாயில் இடித்தான். யுஸ்தோ விழுந்தான். எழுந்திருப்பதற்குள் நான்கு பேர் சூழ்ந்துகொண்டார்கள். கட்டையாலும் காலாலும் அடித்தார்கள். யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. தானியம் அடிப்பதுபோல ஒரே சீராக விழுந்தது அடி. யுஸ்தோ தலையைக் கைகளுக்குள் புதைத்துச் சுருண்டு கிடந்தான். ஒரு பல் தெறித்துப் புழுதியில் விழுந்ததைச் சுபிலாகா பார்த்தாள். ஓடிப்போய் அவன்மேல் விழுந்தாள். ஓங்கிய அடிகளில் ஒன்று அவள் இடுப்பில் இறங்கியது. பெண்பிள்ளைமேல் பட்டுவிட்டதே என்று அடித்தவன் பின்வாங்கினான்.

"எனக்குச் சண்டை வேண்டாம் தங்கச்சி," என்றான் லாக்வென், மூச்சு வாங்கியபடி. "பெட்டியைக் குடு. இல்லாட்டி குடுக்க வேண்டாம். எங்ககிட்ட வேற வழி இருக்கு." இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினான். நாவல்பழ நிறத்தில் குருணை. வயலுக்குப் போடும் பூச்சி மருந்து. "ஒரு மாட்டை வெட்டி, இதைத் தடவி, காட்டுக்குள்ள போட்டுட்டு வந்துருவோம். நாங்க சிங்கத்தைத் தேட வேண்டாம். அதுவே வந்து தின்னுட்டுச் சாகும்."

போன வறட்சியில் அடுத்த பள்ளத்தாக்கில் அப்படிச் செய்திருந்தார்கள். சுபிலாகாவும் யுஸ்தோவும் போய்ப் பார்த்தார்கள். மாட்டைச் சுற்றிச் சிங்கங்கள் குட்டிகளோடு செத்துக் கிடந்தன. அவற்றைத் தின்ன வந்த கழுதைப்புலிகள், அந்தக் கழுதைப்புலிகளைக் கொத்த வந்த கழுகுகள், எல்லாம் வாயில் நுரையோடு கிடந்தன. கடைசியில் மாடு மேய்க்கும் ஒரு வீட்டின் நாய்களும் போயின. காட்டில் ஈக்களின் சத்தம்கூட இல்லை. ஈக்களும் செத்துக் கிடந்தன.

"விஷம் வைக்க மாட்டீங்கன்னு சொல்லுங்க," என்றாள்.

"சுபி, வேண்டாம்," என்று தரையிலிருந்து முனகினான் யுஸ்தோ.

அவள் கிடமுர்ஜானைப் பார்த்தாள். அதுவரை அவன் ஒதுங்கியே நின்றிருந்தான். சின்ன உருவம். கண் இரண்டும் வறண்டிருந்தன.

"எனக்கு அந்த ஒண்ணுதான் வேணும்," என்றான் அவன். "அவளைத் தின்ன அந்த ஒண்ணு. அது கிடைச்சா விஷம் வேண்டாம்."

"சத்தியமா?"

"அவமேல சத்தியம்."

சுபிலாகா கொட்டகைக்குள் போய் மக்காச்சோள மாவு மூட்டைக்குள் கையை விட்டு, யுஸ்தோ ஒளித்துவைத்திருந்த ரிசீவரையும் ஆன்டெனாவையும் வெளியே எடுத்தாள். மாவைத் தட்டிவிட்டாள். யுஸ்தோ அவளை வெறித்துப் பார்த்தான். வாயிலிருந்து ரத்தம் வழிந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"வண்டியை ஓட்ட முடியுமா?" என்று அவனிடம் கேட்டாள். "யாருக்காவது அடிபடும். வண்டி பக்கத்துல இருக்கணும்."

அவன் எச்சிலோடு ரத்தத்தைத் துப்பினான். பிறகு ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

*

ரிசீவரில் பட்டையின் சத்தம் ஆற்றின் வளைவுக்கு அப்பாலிருந்து வந்தது. உச்சிவெயில் நேரம். ஜீப்பைக் கரையில் விட்டுவிட்டு மணலில் இறங்கி நடந்தார்கள். சுபிலாகா ஆன்டெனாவை இடமும் வலமும் திருப்பிப் பார்ப்பாள். டிக் சத்தம் பலமாக வரும் பக்கம் கையைக் காட்டுவாள். ஆண்கள் அந்தப் பக்கம் ஓசையில்லாமல் நகர்வார்கள். இதே வேலையை இதே ஆற்றில் எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். சமீப காலமாக மொட்டைவாலி பட்டிகளை விட்டு விலகுவதே இல்லை. ஊற்றுப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தது. வரைபடத்தில் புள்ளிகள் அங்கேயே குவிந்தன. 'என் ஆய்வே இவளாலதான் நிக்குது' என்று அவள் யுஸ்தோவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். நடக்க நடக்க அந்த வார்த்தை நெஞ்சில் நெருஞ்சி முள்ளாகக் குத்தியது.

கரை ஓரத்தில் ஒரு அடர்ந்த முள்புதர். அதற்கு நேராகப் பிடித்ததும் சத்தம் காதைக் கிழித்தது. அவள் ஒலியைக் குறைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

லாக்வென் நாய்களை ஏவினான். மூன்று நாய்கள் குரைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தன. ஒரு உறுமல். குரைப்பு ஓலமாக மாறியது. ஒரு நாய் வயிறு கிழிந்து குடலை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, எசமானைத் தேடி நாலடி நடந்து விழுந்தது. மற்ற இரண்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின.

"என்ன, நாயை மட்டும்தான் தின்பியா?" லாக்வென் புதரைப் பார்த்துக் கத்தினான். "வெளிய வா! என் தம்பி பொண்டாட்டி ருசி கண்டவளே, வா!" ஒரு கல்லை எடுத்து எறிந்தான்.

புதர் அசைந்தது தெரிந்தது. அது வந்தது தெரியவில்லை. மணல் நிறத்தில் ஏதோ தாழ்வாகப் பறந்ததுபோல் இருந்தது. அடுத்த கணம் லாக்வென் மல்லாந்து கிடந்தான். அது அவன்மேல் இருந்தது. தொண்டைக்கு வந்த வாயில் அவன் தன் வலது கையைத் திணித்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் சுபிலாகா நின்ற இடம்வரை கேட்டது. பின்னங்கால் நகங்கள் அவன் தொடையை உழுதன. லாக்வென் தன் தாயைக் கூப்பிட்டான்.

எல்லாரும் ஒரு கணம் உறைந்து நின்றார்கள். கிடமுர்ஜான் மட்டும் ஓடினான். பக்கவாட்டில் போய், முழு உடம்பின் பாரத்தையும் போட்டு, விலாவுக்குக் கீழே ஈட்டியை இறக்கினான். அது திரும்பவில்லை. கையைக் கடித்தபடியே இருந்தது. அவன் ஈட்டியைப் பிடுங்கி மறுபடி இறக்கினான். அதன் பிறகு எல்லாரும் பாய்ந்தார்கள். முதுகில், கழுத்தில், தொடையில் ஈட்டி ஈட்டியாக ஏறியது. ஒருத்தன் குத்தியது குறி தப்பி லாக்வெனின் காதைக் கிழித்தது. சிங்கத்தின் உறுமல் கொப்பளிப்பாக மாறி, மூக்கு வழியே ரத்தமாக வழிந்து நின்றது. செத்த பிறகும் குத்திக்கொண்டிருந்தார்கள். கிடமுர்ஜான் கடைசிவரை நிறுத்தவில்லை. இரண்டு பேர் அவனைக் கட்டிப்பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

தாடைக்குள் மாட்டிய கையை ஈட்டிக்கட்டையால் நெம்பித்தான் வெளியே எடுத்தார்கள். முழங்கைக்குக் கீழே அது கை மாதிரியே இல்லை. சுபிலாகா தலைத்துணியை அவிழ்த்து முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். ஒரு குச்சியைச் சொருகி முறுக்கினாள். ரத்தம் நின்றது. லாக்வெனுக்கு நினைவு இருந்தது.

"செத்துருச்சா?"

"செத்துருச்சு அண்ணே."

"முதல்ல குத்தினது நான்தானே?"

"பேசாதீங்க."

"நான்தான்னு சொல்லு. சிங்கத்தைக் கொன்னவனுக்கு மாடு குடுக்கும்போது இவனுங்க மாத்திச் சொல்வானுங்க."

சிங்கத்தைக் கொன்றவர்களின் பாட்டை யாரோ தொடங்கினார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யுஸ்தோ பாட்டுச் சத்தம் கேட்டு ஜீப்பை மணலில் இறக்கி ஓட்டி வந்தான். சுபிலாகா பட்டையைக் கழற்றுவதற்காக மொட்டைவாலியின் பக்கத்தில் மண்டியிட்டாள். அப்போதுதான் அந்த நாற்றம் அடித்தது.

புது ரத்தத்தின் வாடை இல்லை. அழுகிய நாற்றம். கழுத்து முடியை விலக்கினாள். பட்டை தோலின்மேல் இல்லை, தோலுக்குள் இருந்தது. சுற்றிலும் சதை வீங்கி அதை மூடியிருந்தது. அந்த வாய்க்காலில் சீழும் வெள்ளைப் புழுக்களும் நெளிந்தன. ஒரு இடத்தில் நரம்பு தெரிந்தது. இவ்வளவு பக்கத்தில் அவள் மொட்டைவாலியைப் பார்த்ததே இல்லை. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். இடுப்பு ஒட்டி உலர்ந்திருந்தது. அவள் இங்கே வருவதற்கு முன்பு, இது சின்னதாக இருந்தபோது மாட்டிய பட்டை அது. வளர வளரத் தளர்த்தியிருக்க வேண்டும். பழைய பட்டையை மாற்ற வேண்டும் என்று போன கோடையிலேயே பேச்சு வந்தது. கால்நடை டாக்டர் வரவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு அது எந்த மானைத் துரத்தும்? எந்த எருமையைப் பிடித்து இழுக்கும்? குழிக்குள் குனிந்து நிற்கும் பெண்ணைத்தான் பிடிக்க முடியும்.

யுஸ்தோ அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். அவனும் பார்த்துவிட்டான்.

"சுருக்குக் கம்பின்னு சொல்லு," என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தான். "திருட்டு வேட்டைக்காரன் வச்ச கம்பி. சீக்கிரம் மூடு அதை."

நிழல் விழுந்தது. கிடமுர்ஜான் நின்றிருந்தான். கைகள் முழங்கைவரை சிவப்பாக இருந்தன.

"என்ன நாத்தம் இது?"

சுபிலாகா யுஸ்தோவைப் பார்த்தாள். கம்பி என்று சொல்லிவிடலாம். அவன் நம்பிவிடுவான். கம்பியில் மாட்டிய மிருகங்களை இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

"எங்க பட்டை அண்ணே," என்றாள். "இறுகிப்போச்சு. சதைக்குள்ள போயிடுச்சு. இதால வேட்டையாட முடிஞ்சிருக்காது. அதனாலதான்..."

பாட்டு நின்றுவிட்டது.

"அதனாலதான்?" என்றான் கிடமுர்ஜான். "முடி. அதனாலதான் என்ன?"

"அதனாலதான் அவங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் ஈட்டியைத் தூக்கியதை அவள் பார்த்தாள். கூர்முனை தன் பக்கம் வரும் என்றே நினைத்துக் கண்ணை மூடினாள். வந்தது கட்டை. தடுக்கத் தூக்கிய இடது கையில் விழுந்தது. உலர்ந்த சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம். இரண்டாவது அடி தோளில் இறங்கியது. மணலில் முகம் புதைய விழுந்தாள். மூன்றாவது அடிக்காகக் காத்துக் கிடந்தாள். குறுக்கே பாய்ந்த யுஸ்தோவை யாரோ பிடித்துத் தள்ளினார்கள்.

"அடேய்!" லாக்வெனின் குரல் கீச்சிட்டது. "அவளை அப்புறமாக் கொல்லுடா! அவனையும் சேத்துக் கொல்லு! முதல்ல என்னை ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க. நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன், உங்களுக்குப் பஞ்சாயத்து கேக்குதா?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. கிடமுர்ஜான் ஈட்டியை மணலில் போட்டுவிட்டுச் செத்த சிங்கத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தான். காலையிலிருந்து வராத அழுகை அவனுக்கு அப்போதுதான் வந்தது.

*

மிஷன் ஆசுபத்திரியில் லாக்வெனின் கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் முதலில் கேட்டது சிங்கத்தின் தோல் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான். "கையில்லாதவனுக்கு ரெண்டு மாடு சேத்துத்தான் குடுக்கணும்," என்று நர்சிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்தான்.

சுபிலாகாவின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆசுபத்திரி முற்றத்தில் ஒரு மாமர நிழலில் உட்கார்ந்திருந்தபோது பேராசிரியர் போன் செய்தார். யுஸ்தோ ஏற்கெனவே அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தான்.

"கை எப்படிம்மா இருக்கு? நான் போலீஸ்ல பேசுறேன். அப்புறம், அந்தப் பட்டை விஷயம். அதைக் கம்பிச் சுருக்குன்னே எழுதிடலாம். ஊர்க்காரங்க காதுக்குப் போச்சுன்னா இனிமே எவனும் நம்மள இந்தப் பக்கம் விடமாட்டான். யார்கிட்டயும் சொல்லிடாத."

"சொல்லியாச்சு சார்."

"யார்கிட்ட?"

"அவங்க புருஷன்கிட்ட."

"என்னம்மா இது," என்றார் அவர்.

"போலீஸ் வேண்டாம் சார்," என்றாள். "கால்நடை டாக்டரை அனுப்புங்க. இன்னொண்ணு கழுத்துலயும் நம்ம பட்டை இருக்கு. நீங்க அனுப்பலன்னா நான் அமைச்சகத்துக்கே எழுதுவேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கிடமுர்ஜான் எதிரில் நின்றிருந்தான். அவளுக்கு உடம்பு தானாகச் சுருங்கியது. அவன் அவளுடைய மாவுக்கட்டைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கா?"

"ஒரு ஆண் அண்ணே. வயசு குறைஞ்சது."

"அதுவும் ஊத்துக்கு வருமா?"

"தெரியல. டாக்டர் வந்ததும் மயக்க ஊசி போட்டுக் கழட்டிடுவோம்."

"நானும் வரேன். நீ சொல்றதை நம்பி இனிமே எங்க பொம்பளைங்க தண்ணிக்குப் போகமாட்டாங்க. நான் பாத்துட்டு வந்து சொன்னாத்தான் போவாங்க."

*

டாக்டர் வந்தபோது மழைக்காலம் நெருங்கியிருந்தது. ஆய்வை நிறுத்திவிட்டார்கள். யுஸ்தோ வேறொரு பூங்காவுக்கு மாற்றல் வாங்கியிருந்தான். ஆனாலும் வண்டி ஓட்ட வந்தான். முன்பல் ஒன்று இல்லாததால் பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டான். கிடமுர்ஜானும் அவனும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. ஜீப்பின் பின்பக்கம் ஈட்டியை முழங்காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டு கிடமுர்ஜான் உட்கார்ந்திருந்தான்.

இளம் சிங்கம் ஒரு பெருக்கமரத்தடியில் வரிக்குதிரையைத் தின்றுவிட்டு மூக்கெல்லாம் ரத்தத்தோடு படுத்திருந்தது. டாக்டர் ஜன்னல் வழியே சுட்டார். ஊசி தொடையில் தைத்தது. சீறி எழுந்தது, சுற்றிச் சுற்றி வந்தது, கால் பின்னி விழுந்தது.

சுபிலாகா ஒற்றைக் கையால் பட்டையைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் திருகாணிகளைக் கழற்றினார். கிடமுர்ஜான் குனிந்து பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தான். பிடரி முடியை விலக்கித் தோலைத் தடவினான். காயம் எதுவும் இல்லை. முடி கொஞ்சம் நசுங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"இதுக்கு விரல் போகுதே. அதுக்கு மட்டும் ஏன் போகல?"

"அதுக்குச் சின்னதா இருக்கும்போதே போட்டது. வளந்துருச்சு. நாங்க கிட்டப் போய்ப் பாக்கல."

"ஏன் பாக்கல?"

"தினமும் அதோட சத்தம் கேட்டுச்சு அண்ணே. நல்லா இருக்குன்னு நெனச்சுக்கிட்டோம்."

அவன் தலையை ஆட்டினான். ஆமோதிப்பா மறுப்பா என்று தெரியவில்லை. டாக்டர் தெளிவு ஊசியைப் போட்டார். எல்லாரும் ஜீப்பில் ஏறினார்கள். கிடமுர்ஜான் ஏறவில்லை.

"யோவ், ஏறுய்யா!" என்று டாக்டர் கத்தினார். "எந்திரிச்சிடும்!"

அவன் ஈட்டியை எடுத்துக்கொண்டு சிங்கத்துக்கு எதிரே போய் நின்றான். அதன் காது துடித்தது. தலை தூக்கியது. முன்னங்காலை ஊன்றி, தள்ளாடி எழுந்தது. மங்கிய மஞ்சள் கண்களால் அவனைப் பார்த்தது. சுபிலாகா கதவைத் திறக்கப் போனாள். யுஸ்தோ அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

ஈட்டி பறந்தது. சிங்கத்தின் தோள் மேல்புறத்தைக் கிழித்துக்கொண்டு போய்ப் பின்னால் மண்ணில் குத்தி நின்றது. சிங்கம் ஒரு குரல் கொடுத்துத் துள்ளித் திரும்பி, முள்காட்டுக்குள் பாய்ந்து மறைந்தது. கொஞ்ச தூரம் வரைக்கும் செடிகள் அசைந்தன.

கிடமுர்ஜான் நடந்துபோய் ஈட்டியைப் பிடுங்கினான். முனையிலிருந்த ரத்தத்தைக் கட்டைவிரலால் வழித்துப் பார்த்தான். பிறகு வந்து ஜீப்பில் ஏறினான். "இனிமே மனுஷனைக் கண்டா இது ஓடும். போகலாம்," என்றான்.

அவனுடைய பட்டிக்குப் பாதை பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினான். இறங்கியவன் சுபிலாகாவின் ஜன்னலுக்கு வந்தான்.

"நான் போய்ச் சொல்றேன். பொம்பளைங்க ஊத்துக்குப் போவாங்க," என்றான். "ஆனா நீ இனிமே எங்க பக்கம் வராத."

"வரல அண்ணே."

"அவ ஆத்தா உன்னைப் பாத்தா கொன்னுடும். நான் தடுக்க மாட்டேன்."

அவள் தலையசைத்தாள். அவன் ஈட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தான். யுஸ்தோ வண்டியைக் கிளப்பினான். முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது.